பெட்டிக்குள் இன்னும் செவ்வாய்க்கிழமை

அவனுக்கு நொட்டை என்று பெயர் வைத்தது அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸ் அடையாள அட்டையில் மட்டும் மிச்சம் இருந்தது. சின்ன வயதில் சாப்பாடு போட்டால் உப்பு குறைச்சல் என்பான். உப்பைச் சரி செய்தால் தட்டு ஆடுகிறது என்பான். வளர்ந்த பிறகு பிழைப்பும் அதற்கேற்றாற்போல் அமைந்துவிட்டது. ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர் வேலை. மற்றவர்கள் மாங்கு மாங்கென்று எழுதிக்கொண்டு வரும் நிரலைத் தட்டிப் பார்த்து, குடைந்து பார்த்து, எந்த இடத்தில் உடைகிறது என்று சொல்வதற்குச் சம்பளம். உடைந்ததை ஒட்டவைப்பது அவன் வேலை இல்லை. அதற்கு வேறு ஆள் உண்டு.

நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. "பொண்ணு பாக்கப் போன இடத்துல, உங்க வீட்டு ஜன்னல் கோணலா இருக்குன்னு சொன்னவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று அக்கா இன்றைக்கும் கேட்பாள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஜன்னல் கோணலாகத்தான் இருந்தது.

அக்கா தையல்காரி. கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு மெஷினைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். முன்னறை முழுக்கத் துணியும் நூலும்தான். நடுவில் உட்கார்ந்து அவள் பெடலை மிதித்தால் வீடே லேசாக அதிரும். பின்னறையில் நொட்டையும் அவனுடைய ஆபீஸ் லேப்டாப்பும். இரண்டுக்கும் நடுவே, நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், அப்பா.

அப்பா ஊருக்குத் தண்ணீர் விட்டவர். அது கிண்டல் இல்லை, வேலையே அதுதான். வால்வு ஆபரேட்டர். தரைக்குக் கீழே ஒரு பள்ளம், அதற்குள் ஒரு பெரிய இரும்புச் சக்கரம். அதைத் திருப்பினால் ஊர்க் குழாய்களில் தண்ணீர் வரும், திருப்பாவிட்டால் வராது. கடைசிப் பத்துப் பதினைந்து வருஷம் ஏரிக்கரைப் பம்ப் ஹவுஸில் வேலை. அங்கே எல்லாம் சுவிட்ச். சக்கரத்தைத் திருப்பிய தோள்கள் மட்டும் அப்படியே இருந்தன. ஓய்வு பெற்ற பிறகும் வாளியைத் தூக்கச் சொன்னால் இரண்டு வாளியாகத் தூக்குவார்.

அப்புறம் மறதி வந்தது. முதலில் கண்ணாடி, பிறகு சாவி, பிறகு அடுத்த வீட்டுக்காரரின் முகம் என்று வரிசையாகப் போனது. அதுவரை தாங்கிக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது. ஆனால் மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு எழுந்தால் அவருக்கு வேறு ஒரு நாள் விடிந்திருக்கும். என்றோ முடிந்துபோன ஒரு வேலை நாள். பரபரவென்று சட்டையை மாட்டுவார், செருப்பைத் தேடுவார். "டூட்டிக்கு நேரமாச்சு" என்பார். யார் சொன்னாலும் காதில் வாங்க மாட்டார். கண் இமைக்கும் நேரத்தில் தெருவில் இறங்கிவிடுவார்.

ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தார்கள். மூன்று நான்கு தடவை பம்ப் ஹவுஸ் கேட்டில். ஒரு தடவை பள்ளிக்கூட வாசலில், வெயிலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். அந்தப் பள்ளியில் இவர்களுக்குத் தெரிந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. காவலாளி நல்ல மனுஷன், ஸ்டூல் போட்டு உட்காரவைத்திருந்தார்.

செய்யாத வைத்தியம் இல்லை. போன் கொடுத்தார்கள், அதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். இருக்கும் இடம் காட்டும் வாட்ச் கட்டினார்கள். பல்லால் கடித்து அறுத்தார். ஒரு நாள் அக்கா கதவைப் பூட்டினாள். அப்பா கதவை அடித்த அடியில் விரல் முட்டியெல்லாம் தோல் கிழிந்துவிட்டது. அடித்து ஓய்ந்து, கதவோடு சாய்ந்து உட்கார்ந்து, "ஊரே காத்துக்கிட்டு இருக்கும்மா, என்னை விட்டுடும்மா" என்று அழுதார். யாரோ ஒரு அதிகாரியிடம் கெஞ்சுகிற மாதிரி, பெற்ற மகளிடம் கெஞ்சினார். அக்கா கதவைத் திறந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பூட்டு என்ற பேச்சே எழவில்லை.

"உலகத்துல எல்லார் தப்பையும் கண்டுபிடிக்கிற. அப்பாவ ஒரு தடவ சீக்கிரம் கண்டுபிடிக்க வழி சொல்லு பாப்போம்" என்று அன்றைக்கு அக்கா சொன்னாள். கோபத்தில் சொன்னாளா, அழுகையில் சொன்னாளா என்று நொட்டைக்குத் தெரியவில்லை. ஆனால் மண்டைக்குள் அது ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

அப்படித்தான் ட்ரோன் வந்தது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வில்லை, ஓயாமல் சின்னதாக ஒரு ரேடியோ சிக்னலை விட்டுக்கொண்டே இருக்கும். அதை அப்பாவின் காலருக்குள் வைத்துத் தைத்துவிட்டால் அவருக்கும் தெரியாது, பிடுங்கி எறியவும் மாட்டார். ட்ரோனில் ஒரு ரிசீவர். சிக்னல் எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் ட்ரோன் போக வேண்டும். போனால் அடியில் அப்பா இருப்பார். அக்கா ஒவ்வொரு சட்டைக் காலரிலும் ரகசியமாக ஒரு சின்னப் பை தைத்தாள். தினமும் சட்டை மாறும்போது வில்லையும் சட்டை மாறும். வெளியே ஒரு தையல்கூடத் தெரியாது. நொட்டையே அதில் ஒரு நொட்டையும் சொல்லவில்லை.

சிக்கல் அவன் பக்கம்தான் இருந்தது. ட்ரோனுக்குள் நகத்தளவு ஒரு சில்லு. அதற்குள் ஓடும் நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். எப்படிச் சாய வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அது வைத்த சட்டம். கடையில் வாங்கும் ட்ரோனில் அதைப் பூட்டி வைத்துவிடுவார்கள். ஆனால் பல தேசத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்தே போட்டிருக்கும் ஃபர்ம்வேரும் இருக்கிறது. நொட்டை அதை எடுத்தான். அதற்கு அவனுடைய ரிசீவரைத் தெரியவில்லை. உடனே அவர்களுடைய இணையப் பக்கத்தில், எது இல்லை, ஏன் இல்லை, இருந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று வழக்கம்போல் ஒரு பெரிய புகார் எழுதினான். பருந்து என்ற புனைபெயரில் ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டார்: "அருமையாக எழுதியிருக்கிறீர்கள், நீங்களே செய்துவிடுங்களேன்."

வாழ்க்கையில் யாரும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. அன்று முழுக்க அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ஃபர்ம்வேரைச் சமைத்தெடுக்கத் தனியாக ஒரு வகைக் கம்ப்யூட்டர் வேண்டும். அவனிடம் இருந்ததோ ஆபீஸ் லேப்டாப். அதில் கைவைத்தால் வேலைக்கு உலை. அதனால் அதற்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கினான். மெய்நிகர் கணினி என்று பாடப்புத்தகத்தில் சொல்வார்கள், ஆபீஸில் வி.எம். என்பார்கள், அவன் பெட்டி என்பான். திரையில் ஒரு சன்னலைத் திறந்தால் உள்ளே முழுசாக இன்னொரு கம்ப்யூட்டர். அதற்குத் தனி நினைவு, தனிக் கடிகாரம். தான் வேறொன்றின் வயிற்றுக்குள் இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது.

பெட்டியில் அவனுக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. எல்லாம் ஒழுங்காக ஓடும் ஒரு நல்ல நேரத்தில் பெட்டியை அப்படியே ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பிறகு எதையாவது நோண்டிக் கெடுத்துவிட்டால், ஒரு பட்டனை அழுத்தினால் போதும், பெட்டி அந்தப் படத்துக்குத் திரும்பிவிடும். கெட்டது எதுவும் நடக்கவே இல்லை என்கிற மாதிரி விழித்துக்கொள்ளும். நொட்டை அந்தப் படத்தை ஒரு செவ்வாய்க்கிழமை பிடித்தான். நிரலையும் அதைச் சமைத்து வருவதையும் மட்டும் பெட்டிக்குள் வைக்காமல் ஒரு கையடக்க டிஸ்க்கில் தனியாக வைத்தான். இல்லாவிட்டால் பெட்டி செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பும்போது அவன் எழுதியதும் கூடவே போய்விடுமே. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

பில்ட் என்பது எழுதிய நிரலை ட்ரோனுக்குப் புரிகிற மாதிரி சமைத்தெடுப்பது. முதல் பில்ட் ஆமை வேகத்தில் போனது. லேப்டாப் அடுப்பு மாதிரிக் கொதித்தது. பாதி வழியில் சிவப்பு எழுத்தில் ஏதாவது கத்திவிட்டு நின்றுவிடும். சரி செய்வான், மறுபடி ஓட்டுவான், இன்னும் கொஞ்சம் தூரம் போய் நிற்கும். அதற்குள் நடையிலிருந்து செருப்புச் சத்தம் கேட்கும். ஓடிப்போய் அப்பாவைப் பிடித்து உட்காரவைப்பான். "யாருங்க நீங்க?" என்பார் அப்பா. திரும்பி வந்தால் திரையில் இன்னொரு சிவப்பு. இரண்டு பக்கமும் ஒன்றும் செய்ய முடியாமல், நடுவில் நின்று நகத்தைக் கடிப்பான்.

ஒருவழியாகச் சனிக்கிழமை ஒரு பில்ட் முழுசாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பழைய சட்டை ஒன்றை, காலரில் வில்லையோடு, வீட்டுக்குப் பின்னால் பொட்டல்வெளியில் ஒரு கம்பத்தில் மாட்டினான். ட்ரோனைப் பறக்கவிட்டான். அது எழுந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, சட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பிப் போனது. எத்தனை தடவை விட்டாலும் அப்படியே. சட்டை இந்தப் பக்கம் என்றால் அது அந்தப் பக்கம்.

"நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரியே இருக்குடா. வீடு இருக்கற பக்கம் மட்டும் போக மாட்டேங்குது" என்றாள் அக்கா. அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

திங்கட்கிழமை அவனே அந்தத் தப்பைக் கண்டுபிடித்தான். ஒரு வரியில், கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல். சிக்னல் கூடும் பக்கம் போ என்பதற்குப் பதிலாகக் குறையும் பக்கம் போ என்று எழுதிவைத்திருந்தான். ஆனால் அதற்குள் வேறு எதையோ புதுப்பிக்கப் போய்ப் பெட்டி படுத்துவிட்டது. அதற்கென்ன, பட்டன் இருக்கிறதே! அழுத்தினான். பெட்டி செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பிச் சமர்த்தாக விழித்துக்கொண்டது. டிஸ்க்கைச் செருகினான். அந்த ஒரு குறியை மாற்றினான். பில்ட்டை அழுத்தினான்.

இமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. திரையில் ஒரே ஒரு வரி. செய்ய வேலை எதுவும் இல்லை என்று அதற்கு அர்த்தம். இதையே ஆபீஸில் வேறொருவன் கொண்டுவந்து காட்டியிருந்தால் நொட்டை அவனைப் பிடித்துப் பிய்த்திருப்பான். திருத்தியது உள்ளே போனதா, பார்த்தாயா, மறுபடி ஓட்டினாயா என்று நோண்டி நொங்கெடுத்திருப்பான். ஆனால் அந்த நேரம் பார்த்து முன்னறையிலிருந்து அக்கா, "டேய், அப்பாவுக்கு உடம்பு கொதிக்குதுடா!" என்று கத்தினாள். அவசர அவசரமாகக் கேபிளைச் செருகி ஃபர்ம்வேரை ட்ரோனில் ஏற்றினான். ஏறியது என்று பச்சை விளக்கு சொன்னது. ஓடினான். பிறகு காய்ச்சல், மாத்திரை, ஈரத்துணி என்று வாரம் போய்விட்டது. ஊரார் தப்பையெல்லாம் ஒன்றுக்கு இரண்டு தடவை சோதித்தவன், தன் கையால் முதல்முதலாகச் சரி செய்த ஒன்றைச் சோதிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அப்பா காணாமல் போனார்.

அக்கா ஒரு பெண்ணுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். நொட்டை ஆபீஸ் மீட்டிங்கில், காதில் ஹெட்போனோடு. காய்ச்சலிலிருந்து எழுந்த மனுஷன் எங்கே போய்விடுவார் என்று இருவருக்கும் ஒரு அசட்டுத் தைரியம். ஹெட்போனைக் கழற்றிவிட்டு நொட்டை நடைக்கு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

"காலர்ல இருக்கா?"

"இருக்குடா, காலையில நான்தான் வச்சேன். நீ அத விடு சீக்கிரம்!"

லேப்டாப்பையும் ட்ரோனையும் தூக்கிக்கொண்டு பொட்டல்வெளிக்கு ஓடினார்கள். ட்ரோன் எழுந்தது. ரிசீவர் எங்கோ மெலிசாகச் சிக்னலைப் பிடித்தது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சந்தேகமே இல்லாமல், நேராக ஏரிப் பக்கம் கிளம்பியது. நொட்டைக்கு உயிர் வந்தது. "பம்ப் ஹவுஸ் பக்கம்தான் போகுது, வா" என்று ஓடினான். மூச்சு வாங்க அக்கா பின்னால் வந்தாள்.

ஆனால் ட்ரோன் பம்ப் ஹவுஸில் நிற்கவில்லை. கரையைத் தாண்டியது. தண்ணீருக்கு மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது.

அக்கா கரையில் அப்படியே நின்றுவிட்டாள். "என்னடா, எங்கடா போகுது அது?"

அவன் தண்ணீரின் விளிம்பு வரை ஓடி நின்றான்.

"அங்கயாடா இருக்காரு? சொல்லுடா!"

"சிக்னல் அந்தப் பக்கம்னு..." என்று ஆரம்பித்தான். நீச்சல் தெரியாது. அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கரையோரம் வலை உலர்த்திக்கொண்டிருந்த படகுக்காரர் ட்ரோனையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் படகைத் தள்ளி ஏறினார். நடு ஏரிக்குப் போய் நீளக் கழியைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவ ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவை கழி இறங்கும்போதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஊருக்கே தண்ணி விட்ட மனுஷன்டா" என்றாள். "அவரு தண்ணியிலயா போகணும்?"

நொட்டை அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் லேப்டாப்பைப் பார்த்தான். வரைபடத்தில் ட்ரோன் ஒரு சின்னப் புள்ளியாக ஊர்ந்துகொண்டிருந்தது. மூலையில் சிக்னலின் அளவு. அதை அங்கே வைத்தவனே அவன்தான், ஆனால் இவ்வளவு நேரம் அதைக் கவனிக்கவில்லை. பார்த்தான். ட்ரோன் முன்னே போகப் போக அந்த எண் இறங்கிக்கொண்டே வந்தது.

இறங்கிக்கொண்டே வருகிறது, இது போய்க்கொண்டே இருக்கிறது.

"அக்கா, இது தப்பு."

"இப்பவுமாடா உன் நொட்டை?" என்று அக்கா அலறினாள்.

"இது பழைய தப்பு. நான் மாத்தின தப்பு. மாத்தினது உள்ள போகவே இல்ல." பெட்டியைத் திறந்தான். திங்கட்கிழமை மூடியபோது உறைந்துபோன அது, விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. ஓரத்தில் அதன் கடிகாரம். அதன்படி இன்றைக்குப் போன வாரத்துச் செவ்வாய்க்கிழமை. அவன் பட்டனை அழுத்திச் செவ்வாய்க்கிழமைக்குத் திருப்பிய பிறகு, அதற்கு யாரும் சரியான நாளைச் சொல்லவில்லை. வெளியே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியையும் ஆபீஸ் லேப்டாப் அடைத்து வைத்திருந்தது.

பில்ட் செய்யும் கருவி ஒரு கெட்டிக்காரச் சோம்பேறி. ஒரு கோப்பைச் சமைத்த பிறகு யாராவது திருத்தியிருந்தால்தான் மறுபடி சமைக்கும். டிஸ்க்கில் இருந்தது சனிக்கிழமை சமைத்தது. அதற்குப் பிறகுதான் அவன் குறியை மாற்றினான். ஆனால் மாற்றியது செவ்வாய்க்கிழமை என்று பெட்டி எழுதிவைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை திருத்தியது சனிக்கிழமை சமைத்ததில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும்தானே? அதனால் செய்ய வேலை எதுவும் இல்லை. பெட்டி பொய் சொல்லவில்லை. தன் நாளை நம்பி, ஒழுங்காகத்தான் வேலை பார்த்திருக்கிறது.

"அப்பா இங்க இல்ல" என்றான். "இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்காரு."

ட்ரோன் கிளம்பிய கோட்டை மனசுக்குள் பின்னால் இழுத்துப் பார்த்தான். பொட்டல்வெளி, வீட்டின் பின்சுவர், அதையும் தாண்டினால் முள்ளும் புதருமாக மூடிப்போன பழைய குழாய்ப் பாதை. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று யோசித்தபோது ஒரு டிபன் பாக்ஸின் சூடு உள்ளங்கையில் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவுக்கு அதை எடுத்துக்கொண்டு அந்தப் பாதையில்தான் நடப்பான். அப்பா முதல்முதலாக வேலை பார்த்த வால்வு. புதுக் குழாய் போட்டபோது சிமெண்ட் பலகை வைத்து மூடி, ஊரே மறந்துபோன பள்ளம்.

ஓடினான். ட்ரோனைத் திருப்பி அழைக்கவில்லை. பேட்டரி தீர்ந்தால் தானாக வீடு திரும்பும் வசதி அதில் இருந்தது. அப்பாவைக் கண்டுபிடிக்காமல் திரும்பக் கூடாது என்று அவனே அதையும் எடுத்துவிட்டிருந்தான். அது போகும் வரை போய், ஏரியில் விழுந்தது. படகுக்காரர்தான் பார்த்தார்.

சிமெண்ட் பலகை பாதி உடைந்து கிடந்தது. பள்ளத்துக்குள் அப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு கால் அடியில் மடங்கி, கணுக்கால் வீங்கியிருந்தது. இரண்டு கையும் துருப்பிடித்த சக்கரத்தின்மேல். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து ரத்தமும் துருவுமாக இருந்தது. எவ்வளவு நேரமாகத் திருப்பிக்கொண்டிருந்தாரோ!

"அப்பா!" என்று குதித்தான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. ஆனால் மகனைப் பார்த்த நிம்மதி இல்லை அது.

"வந்துட்டீங்களா? அடுத்த ஷிப்ட்டு ஆள் தானே? எவ்வளவு நேரமாக் காத்துக்கிட்டு இருக்கேன்."

நொட்டை வாயைத் திறந்தான். அப்பா, நான்தான் என்று சொல்லத்தான் திறந்தான். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தது. சொன்னால் அவர் பயப்படுவார், பயந்தால் அடிப்பார், அடித்துவிட்டு அழுவார். நாள் தப்பு என்று இவரிடம் எப்படிச் சொல்வது? இவருக்குள் எந்தக் கேபிளைச் செருகுவது?

"ஆமாங்க" என்றான். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

"பரவால்ல. ஆனா சக்கரம் இறுகிப்போச்சு, திறக்கவே மாட்டேங்குது. ஊரே குடத்த வச்சுக்கிட்டு நிக்கும். என் டூட்டியில ஒரு நாளும் இப்படி ஆனதில்ல." கையை நகர்த்திச் சக்கரத்தில் இடம் விட்டார். "ஒரு கை குடுங்க."

நொட்டை தன் கையை அவர் கையோடு சேர்த்துச் சக்கரத்தில் வைத்தான். இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார்கள். எந்தக் குழாயோடும் சேராத சக்கரம் அது. தலைகீழாக நின்றாலும் திரும்பாது. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் திருப்பினான். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் போட்டு, அழுதுகொண்டே திருப்பினான்.

மேலே வந்து நின்ற அக்கா ஒரு நிமிஷம் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"வந்துடுச்சுங்க! குழாயில தண்ணி வந்துடுச்சு! போதும், விடுங்க!"

அப்பா சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். பெருமூச்சு விட்டார். "அப்பாடா" என்றார். அவ்வளவு நேரமும் விறைத்திருந்த தோள் தளர்ந்தது.

"அப்ப நீங்க பாத்துக்கங்க, நான் கிளம்பறேன்" என்று எழுந்திருக்கப் பார்த்தார். கால் நிற்கவில்லை. நொட்டை முதுகைக் காட்டிக் குனிந்தான். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று கூச்சப்பட்டார், பிறகு ஏறிக்கொண்டார். அக்கா மேலேயிருந்து கையைக் கொடுத்தாள். புதரை விலக்கிக்கொண்டு நடந்தார்கள். முதுகில் அவர் பாரமாகவே இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. நடக்கும்போதெல்லாம் காலருக்குள் இருந்த வில்லை அவன் கழுத்தில் இடித்தது. அது இன்னும் சிக்னல் விட்டுக்கொண்டுதான் இருந்தது.

"கொஞ்சம் வேகமாப் போக முடியுமாங்க?" என்றார் அப்பா, காதோரமாக, மரியாதையாக. "ஸ்கூல் விட்டு என் பையன் வந்திருப்பான். சின்னப் பையன். எதுக்கெடுத்தாலும் குத்தம் சொல்லுவான், ஆனா கெட்டிக்காரன். எத ஒளிச்சு வச்சாலும் கண்டுபிடிச்சிடுவான்."

"அப்படிங்களா?"

"ஆமா. நான் வர நேரமாச்சுன்னா தேடிக்கிட்டு வந்துடுவான். வழியில முள்ளு." பிறகு தலையை நிமிர்த்திப் பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார். "நீங்களும் கொஞ்சம் பாத்துக்கிட்டே வாங்க. எதிர்ல அவன் வந்தா எனக்குச் சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றான் நொட்டை.